மொன்டானா மாட்டுப்பண்ணையில் மீன்பிடி விடுதி: கேட்டவர்களுக்குப் பதில்

சியாட்டிலில் இருக்கிறேன். ஏழு வருடமாக, ஆபீஸில் என்ன தீப்பிடித்தாலும் சரி, செப்டம்பரில் ஒரு வாரம் மொன்டானா மாநிலத்தில் பிக் ஹோல் என்கிற ஆற்றின் பள்ளத்தாக்குக்குப் போய்விடுவேன். மாட்டுப்பண்ணை ஒன்றுக்குள் ஆற்றோரமாக நாலு மரக்குடில், ஒரு சாப்பாட்டுக்கூடம், அவ்வளவுதான் விடுதி. போன வாரம் படங்களைப் போட்டதிலிருந்து கேள்விகள் வந்துகொண்டே இருக்கின்றன. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுத முடியவில்லை, மொத்தமாக இங்கே.

டல்லாஸிலிருந்து: ராஞ்ச், லாட்ஜ் என்றால் ரிசார்ட் மாதிரிதானே சார்? குதிரை சவாரி எல்லாம் இருக்குமா?

இல்லை. விருந்தாளிகளை நம்பியே நடக்கும் பண்ணைகள் தனி, அவற்றை டூட் ராஞ்ச் என்பார்கள். காலையில் குதிரை, ராத்திரி நெருப்பு மூட்டிப் பாட்டு, எல்லாம் அங்கே கிடைக்கும். நான் போகும் இடத்தில் பிழைப்பு மாடுதான், நாம் மேல்வரும்படி. காலை ஐந்தரைக்கு ஜன்னலுக்கு வெளியே டிராக்டர் கிளம்பும், மன்னிப்பெல்லாம் கேட்க மாட்டார்கள், கேட்கவும் வேண்டியதில்லை. குடிலில் ஒரு கட்டில், ஒரு மேசை, இரும்பு விறகடுப்பு, சுவரில் தொப்பி மாட்ட இரண்டு ஆணி. கழிப்பறை இருபது தப்படி தள்ளி. இதைப் படித்ததும் மனம் சுருங்கினால் போகாதீர்கள், காசு வீண். ஆனால் ஒரு பண்ணை எப்படி நடக்கிறது என்பதை ஓரமாக உட்கார்ந்து பார்க்கப் பிடிக்கும் என்றால் இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது.

சான் ஹோசேயிலிருந்து: எந்த மாதம் போகலாம்?

மே கடைசி, ஜூன் ஆரம்பம் வேண்டாம். மலைப்பனி உருகி ஆறு பழுப்பாக, பாலம் அதிர ஓடும். ஜூன் நடுவில் சால்மன் ஃப்ளை என்கிற பூச்சி, சுண்டுவிரல் நீளம் இருக்கும், ஆற்றிலிருந்து கூட்டம் கூட்டமாக ஏறி வரும். பெரிய மீன்கள் வெட்கமில்லாமல் மேலே வந்து தின்னும் காலம் அதுதான், கூட்டமும் அப்போதுதான். அதற்குப் பிறகு ஜூலை வரைக்கும் கொசு. நம் ஊர்க் கொசுவுக்குப் பழகியவன் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போனேன், முதல் மாலையே சட்டைக்கு மேல் சட்டை போட்டு உட்கார்ந்தேன். புல்வெளி முழுக்கத் தண்ணீர் நிற்பதால் அப்படி. ஆகஸ்டில் வெட்டுக்கிளி மாதிரி தூண்டில் முள்ளில் கட்டிய போலிப்பூச்சிக்கு மீன் நன்றாக எடுக்கும், ஆனால் அப்போது ஆறு சூடாகிவிடும் ஆபத்தும் உண்டு. தண்ணீர் மூன்று நாள் தொடர்ந்து 73 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டால், பொதுவாகப் பகல் இரண்டு மணியிலிருந்து நள்ளிரவு வரை மீன்பிடிக்கத் தடை போட்டுவிடுவார்கள். கிரேலிங் என்கிற அரிய மீன் இருக்கும் பகுதிகளில் விதி இன்னும் கடுமை. ஆந்தை அலறும் நேரத்தில் மட்டும் பிடி என்கிற அர்த்தத்தில் ஹூட் அவுல் என்று அந்தத் தடைக்குப் பெயர். அங்கே எல்லோரும் தேடிப் போகும் ட்ரவுட் குளிர்நீர் மீன், வெந்நீரில் அதற்கு மூச்சு முட்டும், நீங்கள் பிடித்துத் திரும்ப விட்டாலும் அது பிழைப்பது கஷ்டம்.

செப்டம்பரில் கொசு இல்லை, கூட்டம் இல்லை, தண்ணீர் கண்ணாடி. ராத்திரி உறையும். அங்கே ஜூலையிலேயே சில இரவு உறைபனி விழும், விஸ்டம் என்ற பக்கத்து ஊரே ஏறக்குறைய 6,000 அடி உயரத்தில் இருக்கிறது.

நியூ ஜெர்சியிலிருந்து ஒரு அம்மா: குழந்தைகளோடு போகலாமா? பண்ணையில் என்ன ஜாக்கிரதை வேண்டும்?

தாராளமாகப் போகலாம் அம்மா, ஆனால் அது பூங்கா இல்லை என்று பிள்ளைகளுக்கு முதல் நாளே சொல்லிவிடுங்கள். வாய்க்கால் சின்னதாகத் தெரியும், உள்ளே வேகம் இருக்கும். பொலிகாளை நிற்கும் பட்டியில் சாதுவாக நிற்கிறதே என்று நுழையக் கூடாது. மின்வேலி எது, சும்மா கம்பிவேலி எது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். நாய்கள் அங்கே வேலைக்காரர்கள், பிஸ்கட் போட்டுப் பழக்கினால் மறுநாள் மாட்டை விட்டுவிட்டு உங்கள் குடில் வாசலில் படுத்திருக்கும், பண்ணைக்காரருக்குப் பிடிக்காது.

எல்லாவற்றையும்விட முக்கியம் கேட். திறந்திருந்த கேட்டைத் திறந்தபடி விடு, மூடியிருந்ததை மூடிவிட்டுப் போ. இதுதான் சட்டம், வேறு எதையும் யோசிக்கக் கூடாது. நான் யோசித்தேன். முதல் வருடம், ஆற்றிலிருந்து திரும்பும்போது ஒரு கேட் அகலத் திறந்து கிடந்தது. யாரோ மறந்துவிட்டார்கள் போல, மாடு வெளியே போய்விடுமே என்று பொறுப்பாகச் சங்கிலியை மாட்டிவிட்டு வந்தேன். சாயங்காலம் சாப்பாட்டுக்கூடத்தில் உட்கார்ந்திருக்கும்போது தூரத்தில் ஒரே கத்தல். முப்பது மாடும் கன்றும் வேலிக்கு அந்தப் பக்கம் வரிசையாக நிற்கின்றன, தண்ணீர்த் தொட்டி இந்தப் பக்கம். பண்ணைக்காரர் எழுந்து போய்த் திறந்துவிட்டு வந்து, கை கழுவி, மறுபடி தட்டின் முன் உட்கார்ந்தார். உருளைக்கிழங்கை என் பக்கம் தள்ளியபடி, "நாளைக்கும் அது திறந்தேதான் இருக்கும்" என்றார். அவ்வளவுதான். திட்டியிருந்தால் மறந்திருப்பேன்.

ஹூஸ்டனிலிருந்து: நாங்கள் சைவம். பட்டினிதானா?

பட்டினி இல்லை, ஆனால் முன்கூட்டியே எழுதிப் போட்டுவிடுங்கள். ஒரே நீள மேசை, எல்லோரும் ஒரே நேரத்தில், பாத்திரம் கைமாறி வரும். மாட்டுப்பண்ணை என்பதால் மாட்டிறைச்சிதான் மையம், அதில் சங்கடம் இருப்பவர்கள் அந்த மேசையில் உட்கார முடியுமா என்று முதலிலேயே தங்களைக் கேட்டுக்கொள்வது நல்லது. காலையில் பேன்கேக், முட்டை, உருளை வறுவல். சைவம் என்று சொன்னால் சமைக்கிறவர் பீன்ஸ், சீஸ், ரொட்டி, சாலட் என்று ஏதாவது செய்து தருவார், மூன்றாம் நாள் நாக்கு செத்துவிடும். பருப்புப்பொடி, ஊறுகாய், ஒரு சின்னக் குக்கர் கொண்டு போங்கள். குக்கர் ஏன் என்றால் அந்த உயரத்தில் தண்ணீர் 94 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடும், திறந்த பாத்திரத்தில் பருப்பு லேசில் வேகாது. சமையலறையில் அடுப்பு தருவார்களா என்று கேட்டுவிட்டுக் கொண்டு போங்கள்.

டொராண்டோவிலிருந்து: பிடித்த மீனைக் குழம்பு வைக்கலாமா அண்ணா?

குழம்புக்கு அது சரிப்படாது தம்பி, சதை மெல்லிசு. வறுவல்தான். ப்ரூக் ட்ரவுட் கிழக்கு அமெரிக்காவிலிருந்து வந்த வகை, மேலே சின்ன ஓடைகளில் மண்டிக்கிடக்கிறது, அதை எடுத்துச் சாப்பிட விதி தாராளமாக இடம் தருகிறது. செதில் பொடிசு, சுரண்டவே வேண்டாம். வயிற்றைக் கீறிக் கழுவி, மஞ்சள், மிளகாய்த்தூள், உப்பு, எலுமிச்சை தடவி இரும்புச்சட்டியில் போட்டால் தோல் மொறுமொறுவென்று வரும். ஒரு தடவை அங்கே செய்து மேசையில் வைத்தேன், மறு வருடம் "அந்த மஞ்சள் தூள் கொண்டு வந்தாயா" என்றுதான் வரவேற்பு. ஆனால் சில விடுதிகளில் எதைப் பிடித்தாலும் விட்டுவிட வேண்டும் என்று வைத்திருப்பார்கள், கேட்டுக்கொள்ளுங்கள்.

கிரேலிங் கிடைத்தால் மட்டும் கட்டாயம் தண்ணீரிலேயே விட வேண்டும். அமெரிக்காவில் அலாஸ்காவை விட்டுவிட்டால், ஆற்றிலேயே வாழும் கிரேலிங் இயற்கையாக மிஞ்சியிருப்பது மேல் மிசௌரிப் படுகையில்தான், அதில் பிக் ஹோல் முக்கியம். மிச்சிகனில் இருந்தது 1930-களில் அற்றே போய்விட்டது. கையை நனைத்துக்கொண்டு பிடியுங்கள், காய்ந்த கை பட்டால் மேல்வழுவழுப்பு போய்விடும். முதுகுத் துடுப்பு பாய்மரம் மாதிரி விரியும், அதில் நீலமும் ரோஜாவுமாகப் புள்ளிகள், வெயிலில் திருப்பினால் நிறம் மாறும். தைமாலஸ் என்பது அதன் அறிவியல் பெயரின் முதல் பாதி, தைம் மூலிகை வாசனை அடிக்கும் என்பதால் வைத்தது. நம் ஓமத்தில் இருக்கும் தைமால் என்கிற வாசனைப் பொருள்தான் அந்த மூலிகையிலும் இருக்கிறது. மூக்கருகே வைத்துப் பார்த்தேன், எனக்கு ஆற்று வாசனைதான் வந்தது.

கோயம்புத்தூரிலிருந்து: ஊட்டிப் பக்கம் அவலாஞ்சியில் இருக்கும் ட்ரவுட்டும் இதுவும் ஒன்றா?

ரெயின்போ ட்ரவுட் என்றால் ஒன்றேதான். அவலாஞ்சியில் 1907-ல் குஞ்சு பொரிப்பகம் வைத்து வெள்ளைக்காரர்கள் நீலகிரி ஓடைகளில் விட்டார்கள். வேடிக்கை என்னவென்றால் பிக் ஹோலிலும் ரெயின்போ வந்தேறிதான், பசிபிக் பக்கத்து மீன், கொண்டுவந்து விட்டது. பழுப்பு ட்ரவுட் ஐரோப்பாவிலிருந்து வந்தது. மண்ணின் மைந்தர்கள் கட்த்ரோட் என்கிற ட்ரவுட் வகை, கிரேலிங், வைட்ஃபிஷ் போன்றவைதான். வைட்ஃபிஷ் மாட்டினால் அங்கே முகம் சுளிப்பார்கள், பாவம், அதுதான் அங்கே முதலில் இருந்தது.

ஆஸ்டினிலிருந்து: மீன்பிடிப்பவர்களுக்கும் பண்ணைக்காரர்களுக்கும் தண்ணீர்ச் சண்டை என்று படித்தேன். விருந்தாளியாகப் போனால் தர்மசங்கடமா?

நல்ல கேள்வி, இதற்குத்தான் நான் உட்கார்ந்து எழுதுகிறேன். அந்தப் பள்ளத்தாக்குக்குப் பத்தாயிரம் வைக்கோல் போர்களின் பள்ளத்தாக்கு என்று செல்லப்பெயர். 1910 வாக்கில் அங்கேயே உருவான பீவர்ஸ்லைடு என்ற சாய்வு மரச்சட்டத்தில் காய்ந்த புல்லை மேலே இழுத்துக் கொட்டி வீட்டு உயரத்துக்குப் போர் போடுவார்கள், இப்போதும் சில பண்ணைகளில் பார்க்கலாம். குளிர்காலம் நீளம், அந்தப் புல் இல்லாவிட்டால் மாடு இல்லை. புல்லுக்குத் தண்ணீர் ஆற்றிலிருந்து. மீனுக்கும் அதே தண்ணீர். யார் முதலில் உரிமை பதிந்தாரோ அவருக்கே முதல் பங்கு என்பது அங்கே நீர்ச்சட்டம், வறட்சி வருடத்தில் கடைசி ஆள் கையைப் பிசைய வேண்டியதுதான்.

முதல் காலையில் காபியோடு வெளியே வந்தேன். பண்ணைக்காரர் மனைவி முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ், தோளில் மண்வெட்டி, ஆரஞ்சு நிறத் தார்ப்பாயை ஒரு கழியில் சுற்றி எடுத்துக்கொண்டு நடக்கிறார். வாய்க்காலின் குறுக்கே கழியை வைத்து, பாயை விரித்து, ஓரத்தில் மண்ணை வெட்டிப் போட்டதும் தண்ணீர் கரை ஏறிப் புல்லுக்குள் பரவுகிறது. மடை மாற்றுகிறார்! தஞ்சாவூரில் தாத்தா செய்ததை மொன்டானாவில் பார்த்து நின்றுவிட்டேன். அப்புறம் அவரோடு பேசினதில்தான் தெரிந்தது, கிரேலிங்குக்காக 2006-லிருந்து அரசோடு ஒரு ஒப்பந்தம் இருக்கிறது, சேர்ந்த பண்ணைக்காரர்கள் ஆறு குறையும்போது எடுக்கும் தண்ணீரைக் குறைத்துக்கொள்கிறார்கள், கரையோரம் வேலி போட்டு மாட்டைத் தள்ளி வைக்கிறார்கள். பதிலுக்கு அந்த மீன் அருகிவரும் இனமென்று பின்னால் அறிவிக்கப்பட்டாலும் புதுக் கட்டுப்பாடு அவர்கள் மேல் விழாது. யாரும் தியாகி இல்லை, கணக்குப் பார்த்துத்தான் செய்கிறார்கள். ஆனாலும் ஒரு மடை மூடினால் இத்தனை புல் போகும் என்று தெரிந்தே மூடுகிறார்கள். ஆற்றில் தண்ணீர் ஏன் குறைவு என்று சாப்பாட்டு மேசையில் முறையிடுமுன் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

சிகாகோவிலிருந்து: விடுதியில் தங்காமல் அந்த ஆற்றில் பிடிக்க முடியாதா?

முடியும். மொன்டானாவில் 1985 சட்டப்படி, கரையில் வழக்கமாகத் தண்ணீர் ஏறும் தடத்துக்குக் கீழே நாம் இருக்கும்வரை ஆறு எல்லோருக்கும் பொது, தனியார் நிலம் நடுவே ஓடினாலும். ஆனால் அந்த நிலத்தைத் தாண்டி ஆற்றுக்குப் போகக் கூடாது, பொதுப் பாலம் மாதிரி இடங்களில்தான் இறங்க வேண்டும். பக்கத்து வயோமிங்கில் இது செல்லாது, அங்கே தனியார் நிலத்தில் ஆற்றின் அடித்தரை நிலக்காரருடையது, படகில் மிதக்கலாம், காலை ஊன்றினால் அத்துமீறல். விடுதியில் தங்குவதால் கிடைப்பது பண்ணைக்குள் இருக்கும் சிற்றோடைகளும், விடியலில் கதவைத் திறந்தால் ஆறு என்கிற வசதியும். மீன்பிடி உரிமம் எப்படியும் தனியாக வாங்க வேண்டும், இணையத்திலேயே கிடைக்கும்.

சியாட்டிலிலிருந்தே ஒருவர்: எதை மறக்காமல் எடுத்துப் போக வேண்டும்?

காரில் போவதால் நமக்குச் சுலபம், பத்து மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. கரடியை விரட்ட அடிக்கும் மிளகாய் ஸ்ப்ரே கட்டாயம். விமானத்தில் வருகிறவர்கள் அங்கே போய்த்தான் வாங்க வேண்டும், பெட்டியிலும் அனுமதி இல்லை. தலையில் மாட்டும் விளக்கு, ராத்திரிக் கழிப்பறை நடைக்கு. கம்பளி. ஒன்பது அடி, ஐந்தாம் எண் தூண்டில் ஒன்று போதும், இல்லாவிட்டால் அங்கேயே தருவார்கள். வேறு ஆற்றில் நனைந்த பூட்ஸைக் கழுவிக் காயவைத்துக் கொண்டு போங்கள், நோயும் நத்தையும் அதில்தான் பயணம் செய்கின்றன. செல்போன் சிக்னலை மறந்துவிடுங்கள், வழி வரைபடத்தை முன்பே இறக்கி வையுங்கள்.

குடிலில் சுண்டெலிப் புழுக்கை தெரிந்தால் துடைப்பம் போடாதீர்கள், தூசியில் ஹான்டா வைரஸ் பரவலாம். ப்ளீச் கரைசல் தெளித்து, ஊறவிட்டு, ஈரத்துணியால் துடையுங்கள். அப்புறம் விறகடுப்பு: மூட்டும்போது புகைபோக்கித் தகடு திறந்திருக்கிறதா பாருங்கள், சுள்ளி பிடித்த பிறகுதான் கட்டை. நான் தகடு மூடியபடி மூட்டி, நடுராத்திரி போர்வையோடு வெளியே நின்று நட்சத்திரம் எண்ணியிருக்கிறேன்.

சென்னையிலிருந்து: அமெரிக்கா வந்திருக்கும் அப்பா அம்மாவைக் கூட்டிப் போகலாமா?

அப்பா விவசாயம் பார்த்தவர் என்றால் கூட்டிப் போங்கள், மீன் பக்கம் திரும்பவே மாட்டார், டிராக்டர் கொட்டகையில்தான் இருப்பார். அம்மாவுக்கு முழங்கால் வலி இருந்தால் உள்ளேயே கழிப்பறை உள்ள குடில் கிடைக்குமா என்று முதலிலேயே கேளுங்கள். ஒன்று மட்டும் சொல்லிவையுங்கள்: மொத்தம் எத்தனை மாடு என்று அப்பா கேட்டுவிடக் கூடாது. அங்கே அது பேங்கில் எவ்வளவு பணம் இருக்கிறது என்று கேட்பது மாதிரி. இந்த வருடம் புல் எப்படி என்று கேட்கச் சொல்லுங்கள், ஒரு மணி நேரம் பேசுவார்கள்.