ரெய்கியும் மலைப்பூண்டும்

அன்புள்ள அக்கா,

எனக்கு ஊர் பூம்பாறை. கொடைக்கானலில் ஒரு ரிசார்ட்டில் ரிசப்ஷன் வேலை. வருகிற கெஸ்ட்டுகள் அடிக்கடி "இங்கே ரெய்கி உண்டா?" என்று கேட்கிறார்கள். கையால் சக்தி செலுத்துவதாகச் சொல்கிற அந்த ஜப்பானிய முறைதான். "நீ சர்டிபிகேட் வாங்கிட்டு வா, மாடி ரூமை ஒதுக்கித் தர்றேன்" என்கிறார் மேனேஜர். ஆன்லைனில் மூன்று கோர்ஸ் பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்று, சனி ஞாயிறு இரண்டே நாளில் மாஸ்டர் லெவல் வரைக்கும், 4,999 ரூபாய். இன்னொன்று முழுக்க வீடியோ, 'உலக அங்கீகாரம்' என்று போட்டிருக்கிறார்கள். மூன்றாவது, மதுரையிலிருந்து ஒரு அம்மா ஜூமில் மூன்று மாதம் நடத்துவது, முதல் லெவல் மட்டும், 9,000 ரூபாய். நீங்கள் ரெய்கி கற்றவர் என்று எழுதியிருந்தீர்கள். எதில் சேரட்டும்? அப்பா பூண்டு விற்ற காசு, அதனால்தான் பயமாக இருக்கிறது.

சரண்யா

அன்புள்ள சரண்யா,

நான் 'கற்ற' கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். ஊரடங்கு சமயத்தில் நானும் ஆன்லைனில் முதல் லெவல் சேர்ந்தேன். குரு நமக்குள் சக்தியைத் திறந்துவிடுவதாகச் சொல்கிற சடங்குதான் தீட்சை. அன்று பெருமாள்மலையில் நல்ல மழை. கண்ணை மூடி, கைகூப்பி, லேப்டாப் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். "உச்சந்தலை வழியாக ஒரு வெளிச்சம் இற..." என்று குரு சொல்லும்போது கரண்ட் போய்விட்டது. கண்ணைத் திறக்கலாமா கூடாதா என்று தெரியவில்லை. கைகூப்பியபடியே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். முக்கால் மணி நேரம் கழித்து கரண்ட் வந்தபோது மெயிலில் சான்றிதழ் காத்திருந்தது. தங்க பார்டர், சிவப்பு முத்திரை, என் பெயரில் ஒரு எழுத்துப்பிழை. குருவுக்கு போன் செய்தேன். "சக்திக்கு எதுக்கும்மா கரண்ட்?" என்றார்.

எரிச்சலாக இருந்தது. ஆனால் ரெய்கியின் கணக்குப்படி அவர் சொன்னதில் தப்பில்லை. தூரத்தில் இருப்பவருக்குச் சக்தி அனுப்ப இரண்டாம் லெவலில் ஒரு குறியீடே கற்றுத்தருகிறார்கள். அது முடியுமென்றால் இதுவும் முடியும்தானே. தூரத்திலிருந்து கொடுக்கும் தீட்சை செல்லாது என்கிற ரெய்கி ஆசிரியர்களும் இருக்கிறார்கள். யார் சொல்வது சரி என்று தீர்ப்புச் சொல்ல எந்த அலுவலகமும் கிடையாது.

உங்கள் அப்பாவின் பூண்டை எடுத்துக்கொள்ளுங்கள். கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதற்குப் பின்னால் ஒரு சட்டம் இருக்கிறது, சென்னையில் பதிவகம் இருக்கிறது. வேறு ஊர்ப் பூண்டை அந்தப் பெயரில் விற்றால் வழக்குப் போடலாம். ரெய்கி சான்றிதழுக்குப் பின்னால் அப்படி ஒன்றுமே இல்லை. ஆயுர்வேதம், சித்தா, ஹோமியோபதி வரிசையில் அரசு அதைச் சேர்க்கவில்லை. 'உலக அங்கீகாரம்' என்பது பெரும்பாலும் சந்தா கட்டினால் பெயர் சேர்த்துக்கொள்கிற ஏதோ ஒரு தனியார் சங்கம்.

ஜப்பானில் மிக்காவோ உசுயி 1922இல் குராமா மலையில் உபவாசம் இருந்து ரெய்கியைக் கண்டடைந்ததாகச் சொல்வார்கள். அவரிடம் கற்றவர் ஹயாஷி, ஹயாஷியிடம் கற்றவர் ஹவாயைச் சேர்ந்த தகாதா அம்மா. மாஸ்டர் ஆக்குவதற்கு அந்த அம்மா 10,000 டாலர் வாங்கினார். 1980இல் இறக்கும்வரை அவர் உருவாக்கிய மாஸ்டர்கள் 22 பேர்தான். இன்று அதே பட்டம் 4,999க்கு, கூடவே கீழ் லெவல்கள் இரண்டும். விலை இறங்கியதில் எனக்கு வருத்தமில்லை. ஞாயிறு சாயங்காலம் மாஸ்டர் ஆகிறவர் திங்கள் காலை இன்னொருவரை மாஸ்டராக்கலாம் என்பதுதான் இடிக்கிறது.

பலன் உண்டா என்றும் மனசில் கேட்டிருப்பீர்கள். எந்த நோயையும் ரெய்கி குணப்படுத்துகிறது என்று ஆய்வுகளில் தெளிவாக நிரூபணம் ஆகவில்லை. குரு சொன்னபடி நான் 21 நாள் வயிற்றில் கைவைத்துப் படுத்தேன். நன்றாகத் தூக்கம் வந்தது. "அரை மணி நேரம் போனை அணைச்சிட்டுப் படுத்தா எனக்கும்தான் வரும்" என்றார் வீட்டுக்காரர். பதில் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. அந்த அரை மணி நேர அமைதிக்குக் காசு கொடுக்க ஆள் வருகிறார்கள் என்றால், அதை அமைதி என்றே சொல்லி விற்கலாம், தப்பில்லை.

ஆக, முதல் இரண்டும் வேண்டாம். வீடியோ உங்கள் கையைப் பார்க்காது. மதுரை அம்மாவிடம் காசு கட்டும் முன் பேசுங்கள். ஒரு தடவையாவது நேரில் வரச்சொல்லித் தருவாரா, நீங்கள் அடுத்தவருக்குச் செய்வதைப் பார்த்துத் திருத்துவாரா என்று கேளுங்கள். அப்புறம், "சுகர் குணமாகுமா அம்மா?" என்று அப்பாவியாக ஒரு கேள்வி போடுங்கள். ஆகும் என்றால் போனை வைத்துவிடுங்கள். சர்க்கரை நோயைத் தீர்ப்பதாக விளம்பரம் செய்யவே 1954ஆம் வருஷத்துச் சட்டம் தடை போட்டிருக்கிறது. உங்கள் ரிசார்ட் போர்டுக்கும் அது பொருந்தும். போர்டில் இருக்கப்போவது உங்கள் பெயர்.

கோர்ஸைவிட எனக்குக் கவலை அந்த மாடி ரூம்தான். முன்பின் தெரியாத ஆள், மூடிய கதவு, நீங்கள் தனியாக. ரெய்கியில் தொட வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, உடம்புக்கு மேலே கையை நிறுத்தியும் செய்யலாம். அப்படித்தான் செய்வேன், பெண் கெஸ்ட்டுகளுக்கு மட்டும்தான், கீழே ஆள் இருக்கும் நேரத்தில்தான் என்று மேனேஜரிடம் இப்போதே சொல்லிவிடுங்கள். முகம் சுளித்தால் இந்தப் பேச்சை அதோடு விட்டுவிடுங்கள்.

சரி என்றால், கெஸ்ட்டிடம் எவ்வளவு வாங்குவார், அதில் உங்களுக்கு எவ்வளவு என்றும் கேளுங்கள். ரூம் அவருடையது, கெஸ்ட் அவருடையவர், அந்த 9,000த்தை அவரே கட்டட்டும். அப்பாவின் காசை இப்போதைக்கு எடுக்காதீர்கள். மேனேஜர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.