நான்கு வருடப் பேச்சை எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: சொந்த ஊர் செட்டிநாட்டுப் பள்ளத்தூர். நான்கு வருடமாகச் சிங்கப்பூரில் இருக்கிறேன். நடுவில் வேலை போய், மூன்று மாதம் கழித்துத்தான் வேறு வேலை கிடைத்தது. வீட்டில் சொல்லவில்லை. மறைக்க மறைக்கப் பேச்சும் குறைந்துவிட்டது. அப்பத்தா தவறி இரண்டு வருடம் ஆகிறது. அப்போதும் வர முடியவில்லை. ஆச்சிக்கு, அதாவது அக்காவுக்கு, பிறந்த மகனை இன்னும் நேரில் பார்க்கவில்லை. மார்கழியில் பிள்ளையார் நோன்புக்கு வருகிறேன். விட்டுப்போன பேச்சை எப்படித் தொடங்குவது?

பதில்: தம்பி, நான்கு வருடத்துக்கும் சேர்த்து ஐந்தொகை, அதாவது மொத்தக் கணக்கு, போட்டு ஒரே நாளில் ஒப்படைக்க நினைக்காதீர்கள். கேட்கிறவர்களுக்கு எதற்கு அழுவது, எதற்குச் சந்தோஷப்படுவது என்று தெரியாமல் போய்விடும்.

எங்கள் ஐயா, அப்பாவைப் பெற்றவர், மலாயாவில் வட்டிக்கடையில் இருந்தவர். அந்தக் காலத்தில் கப்பலேறினால் மூன்று வருடக் கணக்கு முடித்துத்தான் ஊர் திரும்புவார்கள். அவருடைய கடிதங்களை அப்பத்தா தகரப்பெட்டியில் வைத்திருந்தார். மேலே பிள்ளையார் சுழி, சிவமயம். அப்புறம் ‘இவ்விடம் க்ஷேமம்’. அதற்குக் கீழே முழுக்கக் கேள்விகள்தான். ஊருணியில் தண்ணீர் எவ்வளவு நிற்கிறது, சிவப்புப் பசு கன்று போட்டதா, பிள்ளையார்பட்டிக்கு யார் யார் போனீர்கள், வீட்டு வளவில் ஓடு மாற்றியாயிற்றா. தன் கடைச் செய்தி கடைசியில் நாலு வரி. ஊருக்கு வந்த மறுநாள் காலையில் நேரே அந்தப் பசுவைப் பார்க்கத்தான் போனாராம்.

நீங்களும் கேளுங்கள், இன்றைக்கே ஃபோனில். அப்பச்சி, உங்கள் அப்பா, தைப்பூசத்துக்குக் குன்றக்குடியிலிருந்து பழனிக்கு நடக்கிறவர் என்றால், இந்த முறை முழங்கால் ஒத்துழைத்ததா என்று கேளுங்கள். ஆத்தா, உங்கள் அம்மா, இப்போது என்ன சீரியல் பார்க்கிறார், ஓலைக் கொட்டான் கூடை பின்னுவது உண்டா என்று கேளுங்கள். ஒரு ஃபோனுக்கு ஒரு விஷயம் போதும். உங்களைக் கேட்டால் இந்த வாரத்துக் கதையைச் சொல்லுங்கள்: என்ன சமைத்தீர்கள், டேங்க் ரோடு தண்டாயுதபாணி கோவிலுக்குப் போனீர்களா, லீவு நாளில் எங்கே சுற்றினீர்கள்.

வேலை போன விஷயம் மட்டும் நேரில். அப்பச்சியிடம் தனியாக, மற்றவர்கள் வாயிலாக அவர் காதுக்குப் போவதற்குள் சொல்லிவிடுங்கள். வேலை போனதைவிட, மூன்று மாதம் தன்னிடம் சொல்லவில்லையே என்றுதான் அவர் வருத்தப்படுவார். வருத்தப்படட்டும். எதிர்த்துக் காரணம் அடுக்காதீர்கள்.

ஆச்சி வந்து பார்க்கட்டும் என்று இருந்துவிடாதீர்கள், நீங்கள் போங்கள். பிள்ளைக்கு நீங்கள் அம்மான், தாய்மாமன்; வெறுங்கையோடு போகக்கூடாது.

அப்பத்தா விஷயம்தான் உங்களை ரொம்ப அழுத்துகிறது என்று நினைக்கிறேன். பிள்ளையார் நோன்பில், கார்த்திகை தீபத்திலிருந்து இருபத்தொரு நாள் எண்ணி, இருபத்தொரு நூல் சேர்த்த இழையை மாவில் வைத்து ஏற்றி, வீட்டுப் பெரியவர் கொடுக்க, சுடரோடு வாயில் போட்டுக்கொள்வோம் இல்லையா? சின்ன வயதில் சுடருக்குப் பயந்து நீங்கள் யார் மடியில் ஒளிந்திருப்பீர்கள் என்று எனக்குத் தெரியாதா!

சரி, இன்று ராத்திரி ஆத்தாவைக் கூப்பிடுங்கள். அப்பத்தாவுக்குப் பிறகு நம் வீட்டில் இழை எடுத்துக் கொடுப்பது யார் என்று கேளுங்கள். ஆத்தா கொஞ்ச நேரம் பேசாமல் இருப்பார். ஃபோனை வைத்துவிடாதீர்கள்.