கம்பெனி எஞ்சினை மேம்படுத்துவதா, மாற்றுவதா? டிராக் கார் கேள்வி-பதில்

டிராக் ரேஸ் (drag) என்பது நேர்கோட்டில் கால் மைல், அதாவது சுமார் 402 மீட்டர், ஓடும் பந்தயம். அதற்குக் கார் தயார் செய்கிறவர்களிடமிருந்து வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே கவலைதான்: கம்பெனியில் இருந்து வந்த எஞ்சினிலேயே செலவு செய்வதா, தூக்கிவிட்டு வேறு போடுவதா? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

கால் மைலை 13.4 விநாடியில் ஓடுகிறேன். முடிவுக் கோட்டில் வேகம் மணிக்கு 177 கி.மீ. என் எடையும் சேர்த்து கார் 1,500 கிலோ. 12 விநாடிக்குள் வர வேண்டும். பெரிய எஞ்சின் போடலாமா?

இப்போதைக்கு எஞ்சினைத் தொடாதீர்கள். நீங்கள் எழுதிய எண்களிலேயே விடை இருக்கிறது.

ஓடிய நேரத்தில் டயர் பிடிப்பு, கிளட்ச், கிளம்பிய விதம் எல்லாம் கலந்திருக்கும். முடிவுக் கோட்டு வேகம் அப்படியில்லை. எஞ்சினின் திறனையும் காரின் எடையையும்தான் அது பெரும்பாலும் காட்டும். ஒரு பழைய கணக்கு உண்டு. வேகத்தை மணிக்கு இத்தனை மைல் என்று எடுத்து 234-ஆல் வகுத்து, வரும் எண்ணை மூன்று தடவை எழுதி ஒன்றோடொன்று பெருக்கி (கனம்), அதைப் பவுண்டில் உள்ள எடையால் பெருக்க வேண்டும். உங்கள் வேகம் 110 மைல், எடை சுமார் 3,307 பவுண்டு. கிடைப்பது ஏறக்குறைய 343 குதிரைத்திறன். இந்தத் திறன் இந்த எடையை 12.4 விநாடியில் கோட்டைத் தாண்ட வைக்க வேண்டும். நீங்கள் ஒரு முழு விநாடியை வழியில் தொலைக்கிறீர்கள்.

எங்கே என்று டைம் ஸ்லிப், அதாவது ஓட்டம் முடிந்ததும் தரும் நேரச் சீட்டு, சொல்லும். முதல் 60 அடிக்கு 2.2 விநாடிக்கு மேல் ஆகிறது என்றால் டயர் சுழல்கிறது, அல்லது கார் சோம்பலாகக் கிளம்புகிறது. அந்த 60 அடியில் 0.1 விநாடி மிச்சம் பிடித்தால் கடைசியில் 0.15 முதல் 0.2 விநாடி வரை குறையும். நல்ல டிராக் டயர், சரியான காற்றழுத்தம், பின்பக்க ஷாக் அப்சார்பர், அப்புறம் நிறையப் பயிற்சி. இதற்கெல்லாம் ஆகும் செலவு எஞ்சின் செலவுக்குப் பக்கத்தில்கூட வராது.

பிறகு 11.99-ஐத் தொட, அதே எடையில் சுமார் 380 குதிரைத்திறன் வேண்டும். அதாவது இன்னும் 35, 40 மட்டுமே. காரில் 100 கிலோ குறைத்தாலே கணக்குப்படி கால் விநாடிக்கு மேல் கிடைத்துவிடும். பின் சீட்டைக் கழற்றுவதில் தொடங்குங்கள்.

ஆயில் குறைகிறது, புகையும் வருகிறது. இதன் மேலேயே கேம்ஷாஃப்ட் (வால்வுகளைத் திறக்கும் தண்டு), ஹெடர் (புகை வெளியேறும் குழாய்த்தொகுதி) போட்டுச் சமாளிக்கலாமா?

வேண்டாம். முதலில் லீக்-டவுன் டெஸ்ட் செய்யுங்கள். சிலிண்டருக்குள் காற்றை ஏற்றி எத்தனை சதவீதம் கசிகிறது என்று பார்ப்பதுதான் அது. 10-க்குள் இருந்தால் நிம்மதி. 20-ஐத் தாண்டினால் எஞ்சினைப் பிரிக்கத்தான் வேண்டும். ஆனால் சதவீதத்தை விட முக்கியம், காற்று எங்கே வெளியேறுகிறது என்பது. காதை வைத்துக் கேளுங்கள். சைலன்சர் குழாயில் சீறினால் எக்ஸாஸ்ட் வால்வ். காற்று உள்ளே போகும் பக்கம் கேட்டால் இன்டேக் வால்வ். ரேடியேட்டரில் குமிழி வந்தால் ஹெட் (சிலிண்டர்களை மூடும் மேல்பகுதி) அடியில் உள்ள கேஸ்கெட், அல்லது ஹெட்டிலேயே விரிசல். ஆயில் ஊற்றும் வாயில் வந்தால் பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங்கோ, பிஸ்டனோ, சிலிண்டர் சுவரோ தேய்ந்திருக்கிறது.

முதல் மூன்றும் பெரும்பாலும் ஹெட்டைக் கழற்றினால் சரியாகக்கூடியவை. அந்த எஞ்சினை வைத்துக்கொண்டு மேம்படுத்தலாம். நான்காவது என்றால், நன்றாக இருக்கும் இன்னொரு கம்பெனி எஞ்சினைத் தேடுவதுதான் பல நேரம் புத்திசாலித்தனம். போரிங் (சிலிண்டரைக் கடைந்து அகலமாக்குவது), புது பிஸ்டன், க்ராங்க் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) வேலை, கூலி என்று கூட்டிப் பார்த்தால், அதிகம் விற்ற மாடலின் எஞ்சினுக்குப் பழையதை முழுதாக வாங்குவதே மலிவு. அரிய மாடல் என்றால் கணக்கு தலைகீழ்.

உள்ளே எதையும் மாற்றாமல் டர்போ போட்டால் தாங்குமா?

ஓரளவு தாங்கும். எவ்வளவு என்பது எஞ்சினுக்கு எஞ்சின் மாறும். கம்பெனி எஞ்சினைக் கொல்வது பெரும்பாலும் பூஸ்ட் (டர்போ உள்ளே தள்ளும் காற்றழுத்தம்) அல்ல, நாக்கிங். எரிபொருள் போதாமலோ இக்னிஷன் டைமிங் முந்திப் போயோ கலவை தானாக வெடித்தால், வார்ப்பு பிஸ்டனில் ரிங்குகளுக்கு நடுவே உள்ள மெல்லிய விளிம்பு உடைந்துவிடும். இன்னொன்று ரிங் இடைவெளி. டர்போ இல்லாத எஞ்சினில் அது குறைவாக வைக்கப்பட்டிருக்கும். சூடேறி ரிங்கின் இரு முனைகளும் முட்டினால் பிஸ்டன் பெயர்ந்துவிடும். ஆகவே பணத்தை முதலில் பெட்ரோல் பம்ப், இன்ஜெக்டர், எரிபொருளையும் டைமிங்கையும் சரியாக அமைத்துத் தரும் நல்ல ட்யூனர் ஆகியவற்றுக்கு ஒதுக்குங்கள். பூஸ்டைக் கூட்டுவது அதற்கு அப்புறம்.

6,000 ஆர்பிஎம்-இல் (நிமிடச் சுற்று) எஞ்சின் தானே கட் ஆகிறது. 7,000 வரை விடலாமா?

பிஸ்டனையும் க்ராங்கையும் இணைக்கும் ராட்டின் போல்ட்டில் விழும் இழுவை, சுற்று வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். ஆயிரம் ஆர்பிஎம் கூட்டினால் 36 சதவீதம் அதிகம். பழைய வால்வ் ஸ்பிரிங்கும் ஈடுகொடுக்காது. இரண்டையும் மாற்றாமல் செய்யாதீர்கள். ராட் பிளாக்கை (சிலிண்டர்கள் உள்ள எஞ்சின் உடல்) துளைத்து வெளியே வந்ததை அருகில் நின்று பார்த்திருக்கிறேன். கொட்டிய ஆயில் நேராகப் பின் டயருக்கடியில் போனது. ஓட்டுநர் தப்பியது அதிர்ஷ்டம்.

அப்படியானால் எப்போதுதான் எஞ்சினை மாற்றுவது?

பிளாக்கே எல்லையாகும்போது. ஃபோர்டின் பழைய 302 கியூபிக் இன்ச் வி8 நல்ல உதாரணம். 500 குதிரைத்திறனை நெருங்கும்போது அதன் கம்பெனி பிளாக் நடுவில் இரண்டாகப் பிளப்பது டிராக் வட்டாரத்தில் எல்லோரும் அறிந்தது. அதற்குள் ஃபோர்ஜ்டு (அடித்து உருவாக்கிய, உறுதியான) பிஸ்டன், ராட் போட்டாலும் பிளாக் அதே பிளாக்தான். உங்கள் இலக்கு அந்த எல்லைக்கு மேல் என்றால், இருப்பதில் ஒரு ரூபாய்கூடப் போடாமல் சேர்த்துவைத்து நேராக மாற்றுங்கள்.

பிளாக் உறுதியானது, எஞ்சினின் கொள்ளளவு (சிசி) மட்டும் போதவில்லை என்றால் நடுவழி ஒன்று உண்டு. ஷெவர்லேயின் 350 கியூபிக் இன்ச் வி8-இல் சிலிண்டரை 0.030 அங்குலம் மட்டும் போர் செய்தால் 355 கியூபிக் இன்ச்தான் ஆகும். கூடவே 3.75 அங்குல ஸ்ட்ரோக் (பிஸ்டன் மேலும் கீழும் நகரும் தூரம்) உள்ள க்ராங்கும் போட்டால் 383. மவுண்ட், கியர்பாக்ஸ் எல்லாம் பழையபடியே பொருந்தும்.

வேறு எஞ்சின் போடுகிறவர்கள் ஆயில் பேனை (எஞ்சினுக்கு அடியில் ஆயில் தேங்கும் தட்டு) கவனியுங்கள். கார் பாய்ந்து கிளம்பும்போது ஆயில் முழுதும் பின்னால் ஓடும். உறிஞ்சும் குழாய் முன்பக்கம் இருந்து, பேனில் தடுப்பும் இல்லாவிட்டால், சில விநாடியிலேயே பேரிங் வறண்டுவிடும்.