கந்தளாய்க் குளத்தைக் கட்டியவர் யார்?

கேள்வி: கந்தளாய்க் குளத்தைக் கட்டியவன் குளக்கோட்டன் என்று அம்மப்பா சொல்லக் கேட்டு வளர்ந்தவன் நான். இரண்டாம் அக்கபோதி கட்டினான் என்று என் மகன் படித்துவிட்டு வந்து கேட்கிறான். பிள்ளைக்கு நான் எதைச் சொல்வது?
– வாசகர் ஒருவர், தம்பலகாமம்

பதில்: இரண்டையும் சொல்லுங்கள், எது எங்கிருந்து வந்த செய்தி என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அநுராதபுரத்திலிருந்து ஆண்ட இரண்டாம் அக்கபோதி இக்குளத்தை அமைத்ததாகச் சூளவம்சம் என்ற பாளி மொழி வரலாற்று நூல் கூறுகிறது. குளக்கோட்டனின் பெயரைத் தருவது கோணேசர் கல்வெட்டு. பெயரில் கல்வெட்டு என்றிருந்தாலும் அது கல்லில் பொறித்ததன்று. கவிராசவரோதயர் இயற்றிய நூல். திருக்கோணேச்சரத் திருப்பணியையும், கோயிற் பணிக்கென அமர்த்தப்பட்ட தானத்தார், வரிப்பத்தார் என்ற குழுவினர் ஏற்றுக்கொண்ட கடமைகளையும், கோயில் வயல்களுக்கு நீர் பாய்ச்சக் குளம் எழுந்த வரலாற்றையும் அது விரிவாகச் சொல்கிறது. குளமும் கோட்டமும் அமைத்தவன் என்பதே அப்பெயரின் பொருள் என்பர்.

கல்லிலேயே அவன் பெயரைக் காண வேண்டுமானால் மகனைத் திருகோணமலைக் கோட்டை வாசலுக்கு அழைத்துச் செல்லுங்கள். அங்குள்ள நிலைக்கல்லில் இணைக்கயல் சின்னத்தோடு, சிதைந்தும் படிக்கக்கூடிய தமிழ் எழுத்துகள் உள்ளன. குளக்கோட்டன் செய்த திருப்பணியைப் பறங்கி, அதாவது போர்த்துக்கேயர், குலைப்பான் என்பது அதன் செய்தி. கந்தளாயை அடுத்த பாலமோட்டையில் கிடைத்த, சிங்கள மன்னன் முதலாம் விசயபாகு காலத்துத் தமிழ்க் கல்வெட்டோ, அப்பகுதியில் விசயராசச் சதுர்வேதிமங்கலம் என்ற பிராமணக் குடியிருப்பு இருந்ததைக் காட்டுகிறது. ஆகவே இக்குளத்தின் கதை ஒரே மன்னனோடு முடிவதன்று. பலர் கட்டி, திருத்தி, காத்த அணை அது. 1986 ஏப்ரல் 20 அதிகாலையில் அது உடைந்ததை நேரில் கண்டவர்கள் இன்றும் உங்கள் ஊரில் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வதையும் மகன் எழுதிவைத்துக்கொள்ளட்டும். நாளைக்கு அதுவும் வரலாற்றுச் சான்றுதான்.

கேள்வி: எங்கள் வாசகர் வட்டம் பிள்ளைகளுக்காக ஒருநாள் மரபுரிமைப் பயணம் ஒழுங்கு செய்கிறது. மண்டபத்தில் உரைகள் போதுமா?
– வாசகி ஒருவர், மூதூர்

பதில்: மண்டபம் வேண்டாம் என்பதே என் கருத்து. மகாவலி கடலோடு சேரும் கொட்டியாரக் குடாவிலேயே தொடங்குங்கள். புயலில் பாய்மரம் இழந்த கப்பலைச் செப்பனிட வந்து, 1660இல் கண்டி அரசனின் ஆட்களிடம் பிடிபட்ட ஆங்கிலேயக் கடலோடி ரொபேட் நொக்ஸின் நினைவுக்கல் உங்கள் ஊரில்தான் உள்ளது. அவர் தப்பிச் சென்றது 1679இல். பின்னர் தெற்கே சென்று, மகாவலியின் கிளையான வெருகலாற்றங்கரையில் சித்திர வேலாயுத சுவாமி கோயிலைக் காட்டுங்கள். அங்குள்ள பழைய கல்வெட்டு, மதில்களை எழுப்பிக் கொடுத்தவர்களை நினைவுகூர்கிறது.

வழியில் வயல்வெளியொன்றில் இறங்கி, வட்டை விதானையாக, அதாவது வயல்களுக்கான நீர்ப் பங்கீட்டைக் கவனிப்பவராக, இருந்த முதியவர் ஒருவரைப் பேச வையுங்கள். துருசு என்ற மதகை எப்போது திறப்பது, யார் வயலுக்கு முதல் நீர், குளம் நிரம்பி வான் பாய்ந்தால் யாருக்கு ஆள் அனுப்புவது என்பனவற்றை அவர் வாய்க்கால் வரம்பில் நின்றே விளக்கட்டும்.