பேஸ்மென்ட் சுவரில் பூஞ்சை: கடைசித் தவணையைக் கொடுத்துத்தான் ஆகவேண்டுமா?

கேள்வி: குளிர் கடுமையான ஊரில் இருக்கிறோம். பேஸ்மென்ட்டை அறையாக்கித் தரும் வேலையை ஒரு கான்ட்ராக்டரிடம் விட்டோம். "உள்வேலைதானே, பெர்மிட் எதற்கு?" என்றார். முதல் குளிர்காலத்திலேயே டிரைவாலின் (சுவரை மூடும் ஜிப்சம் பலகையின்) அடியில் கறுப்புப் பூஞ்சை. "உங்கள் சுவரில் ஈரம் இருந்தால் நான் என்ன செய்ய?" என்று சொல்லிவிட்டுக் கடைசித் தவணையைக் கேட்கிறார். கையில் இருப்பது ஒரு பக்கக் கொட்டேஷன்தான்.

பதில்: முதலில், சுவரை உடைக்காதீர்கள். ஆத்திரத்தில் எல்லாவற்றையும் பிய்த்தெறிந்துவிட்டு வக்கீலிடம் வருகிறவர்கள் உண்டு. குப்பையோடு சாட்சியமும் போயிருக்கும்.

தண்ணீர் எங்கிருந்து வந்தது என்பதுதான் உங்கள் வழக்கே. 21 டிகிரி செல்சியஸில் 50 சதவீத ஈரப்பதமுள்ள அறைக்காற்று, 10 டிகிரி அளவுக்குக் குளிர்ந்த பரப்பில் பட்டாலே நீர்த்துளியாகிவிடும். குளிர்காலக் கான்கிரீட் அதைவிடச் சில்லென்று இருக்கும். காற்றுப் புகாமல் அடைக்காமல் குளிரைத் தடுக்க வெறும் கண்ணாடிப் பஞ்சைத் திணித்து மூடியிருந்தால் சுவர் உள்ளே வியர்க்கத்தான் செய்யும். அது வேலையின் குறை. அஸ்திவார விரிசல் வழியாக வெளித்தண்ணீர் கசிந்திருந்தால் அவர் பேச்சில் கொஞ்சம் நியாயம் உண்டு. அப்போதும், கண்ணில் பட்ட ஈரத்தைச் சொல்லாமல் ஏன் மூடினார் என்று கேட்கலாம்.

மூடாத கான்கிரீட் எங்காவது இருந்தால், அதில் ஒரு பிளாஸ்டிக் தாளை நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி ஓரிரு நாள் விட்டுப் பாருங்கள். துளி அறைப்பக்கம் நின்றால் காற்றின் ஈரம். தாளுக்குப் பின்னால் நின்றால் சுவரின் ஈரம். இது உங்கள் தெளிவுக்கு மட்டும். நீதிமன்றத்துக்கு, எந்தப் பக்கமும் சாராத கட்டடப் பொறியாளரின் அறிக்கை வேண்டும்.

கொட்டேஷன் ஒரு பக்கம்தான் என்று கவலைப்படாதீர்கள். ஆங்கிலேயப் பொதுச்சட்ட வழிவந்த நாடுகளில், நியாயமான திறமையோடும் கவனத்தோடும் செய்வது எழுதாமலே ஒப்பந்தத்தில் அடக்கம். நட்டஈட்டுக்கு ஹாட்லி எதிர் பாக்ஸென்டேல் என்ற 1854-ஆம் ஆண்டின் இங்கிலாந்து நீதிமன்றத் தீர்ப்பை இன்றும் காட்டுவோம். மீறலால் இயல்பாக வரும் இழப்பைக் கேட்கலாம்; பூஞ்சையை அகற்றிச் சுவரை மறுபடி கட்டும் செலவு அதில் வந்துவிடும்.

பெர்மிட்தான் உங்கள் பலவீனம். "அவர்தான் வேண்டாமென்றார்" என்பது அவரிடம் செல்லும், பெர்மிட்டைச் சரிபார்க்கும் கட்டட ஆய்வாளரிடம் செல்லாது. பல இடங்களில் வீட்டுக்காரரும் பொறுப்பாளி. இப்போதாவது விண்ணப்பியுங்கள். ஆய்வாளர் சுவரைத் திறந்து காட்டச் சொல்லலாம். எப்படியும் திறக்கவேண்டிய சுவர்தானே! அங்கே யாராவது படுப்பதாக இருந்தால், ஆபத்தில் வெளியேறும் அளவுக்கு ஜன்னல் இருக்கிறதா என்றும் பார்ப்பார்கள்.

தவணையைச் சொல்லாமல் நிறுத்தாதீர்கள். பல நாடுகளில் கூலி பாக்கிக்காக வீட்டின் மீதே உரிமை பதிவு செய்ய கான்ட்ராக்டருக்கு வழி உண்டு. குறைகளைப் படங்களோடு எழுதி, வந்து பார்க்க ஒரு தேதி குறித்து, பழுதுச் செலவுக்காக இன்ன தொகையை நிறுத்திவைக்கிறேன் என்று கடிதம் அனுப்புங்கள். பூஞ்சையை முதலில் கண்ட தேதியும் அதில் இருக்கட்டும். வழக்குப் போடும் காலவரம்பைப் பல இடங்களில் அன்றிலிருந்துதான் எண்ணுவார்கள். "வந்து சரிசெய்து தருகிறேன்" என்று அவர் எப்போதாவது வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தால் அதை அழித்துவிடாதீர்கள்.