குடும்பத்தில் விசுவாசம்: பெற்றோரின் கேள்விகளும் பதில்களும்

ஞாயிறு பள்ளி ஆசிரியராகப் பல ஆண்டுகள் ஊழியம் செய்தவன், மூன்று பிள்ளைகளின் தகப்பன் என்ற முறையில், பெற்றோர் சிலர் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: இரவில் குடும்ப ஜெபம் நடத்துகிறோம். ஆறு வயது மகனும் பதினொரு வயது மகளும் நெளிகிறார்கள், சிணுங்குகிறார்கள். கடைசியில் அது கண்டிப்பில்தான் முடிகிறது. என்ன செய்யலாம், ஐயா?

முதலில் நேரத்தைக் குறையுங்கள். ஆறு வயதுப் பிள்ளைக்குப் பத்து நிமிடம் போதும். கர்த்தருடைய வார்த்தைகளைப் பிள்ளைகளுக்குக் கருத்தாய்ப் போதிக்கச் சொல்லும் உபாகமம் 6-ஆம் அதிகாரம், வீட்டில் உட்கார்ந்திருக்கும்போதும் வழியில் நடக்கும்போதும் படுக்கும்போதும் எழுந்திருக்கும்போதும் அவற்றைப் பேசச் சொல்கிறது. நாள் முழுவதும் பரவியிருக்க வேண்டிய பேச்சை இரவில் ஒரே மணி நேரத்தில் அடைக்கப் பார்ப்பதால்தான் பிள்ளைகளுக்கு அது பாரமாகிறது.

நான்காம் நூற்றாண்டில் வாழ்ந்த திருச்சபைப் போதகர் யோவான் கிறிசோஸ்தோம் பிள்ளை வளர்ப்பைப் பற்றி எழுதியபோது ஓர் அருமையான வழியைக் காட்டினார். காயீன், ஆபேல் கதையைத் தகப்பன் சுவையாகச் சொல்ல வேண்டும். பின்னொரு நாள் பிள்ளையே அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். பிறகு அந்தப் பகுதி ஆலயத்தில் வாசிக்கப்படும்போது பிள்ளையைக் கைப்பிடித்து அழைத்துச் செல்ல வேண்டும் என்கிறார். முன்பே தெரிந்த கதை சபை நடுவே ஒலிப்பதைக் கேட்கும் பிள்ளை துள்ளி மகிழும் என்பது அவர் கணிப்பு, அது எவ்வளவு உண்மை என்பதை நானே கண்டேன். சிறுவன் சாமுவேலைக் கர்த்தர் கூப்பிட, ஆசாரியன் ஏலிதான் கூப்பிட்டார் என்று எண்ணி அவன் அவரிடம் ஓடிய கதையை என் மகளுக்கு இரண்டு வாரம் சொல்லியிருந்தேன். ஆராதனையில் அந்த அதிகாரம் வாசிக்கப்பட்டபோது அவள் என் சட்டையைப் பிடித்து இழுத்து, "அப்பா, இன்னும் ஒரு தடவை ஏலிகிட்ட ஓடுவான் பாருங்க" என்று காதில் சொன்னாள்.

கேள்வி: தாத்தா பிழைக்க வேண்டும் என்று எங்கள் ஒன்பது வயது மகன் தினமும் ஜெபித்தான். அவர் இறந்துவிட்டார். "இயேசப்பா ஏன் கேட்கவில்லை?" என்கிறான். எங்களுக்குப் பதில் தெரியவில்லை.

தெரியாது என்றே சொல்லுங்கள், சகோதரி. அவசரமாகச் சொல்லப்படும் விளக்கம் அவனுடைய துக்கத்தின் வாயை மூடிவிடும். மரித்த லாசருவை எழுப்பப்போகிற இயேசுவே அவன் கல்லறைக்குப் போகும் வழியில் கண்ணீர் விட்டார் என்று யோவான் 11-இல் வாசிக்கிறோம். அந்த இடத்தை அவனோடு சேர்ந்து வாசித்து, அழுகை வந்தால் அவனோடு அழுங்கள். ஆறுதலான முடிவே இல்லாத 88-ஆம் சங்கீதமும் வேதத்தில் ஜெபமாகவே இருக்கிறது. தேவனிடமே முறையிடலாம் என்று இப்போது கற்றுக்கொள்ளும் பிள்ளை, பின்னாளில் பெரிய துக்கம் வரும்போதும் அவரிடமே போகும்.

கேள்வி: பதினேழு வயது மகன் ஆலயத்துக்கு வர மறுக்கிறான். வற்புறுத்தலாமா?

எட்டு வயதில் கையைப் பிடித்து அழைத்துப் போவது பெற்றோரின் கடமை. பதினேழில் இழுத்துப் போனால் உடல் மட்டுமே வரும். பிள்ளைகள் திடனற்றுப்போகாதபடி அவர்களைக் கோபப்படுத்தாதிருங்கள் என்று கொலோசெயர் 3:21 தகப்பன்மாருக்குத்தான் சொல்கிறது. அவன் மறுப்பது தேவனையா, சபையில் கண்ட ஏதோ ஒன்றையா, அல்லது உங்களையா என்று கேட்டு, பதிலை இடைமறிக்காமல் கேளுங்கள்.

என் மூத்த மகனுக்குப் பதினான்கு வயதிருக்கும்போது, ஜெபத்துக்குத் தாமதமாக வந்தான் என்பதற்காக அவனிடம் கத்திவிட்டு, அதே வாயால் ஜெபம் நடத்தினேன். அன்றிரவு தூக்கம் வரவில்லை. அவன் அறைக்குப் போய், "நான் செய்தது பாவம், மன்னித்துவிடு" என்றேன். அவன் ஒன்றும் சொல்லவில்லை. புத்தகத்தை மூடிவைத்து, கட்டிலில் நகர்ந்து எனக்கு இடம் விட்டான். மனந்திரும்புதலைப் பற்றி நான் நடத்திய பாடங்கள் எதிலும் அவ்வளவு நெருக்கமாக அவனோடு உட்கார்ந்ததில்லை.

தனியாகக் கொடுக்கும் நேரமும் முக்கியம். மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியின் தாய் சூசன்னா ஒவ்வொரு பிள்ளைக்கும் வாரத்தில் ஒரு மாலையை ஒதுக்கியிருந்தார், ஜானுக்கு வியாழக்கிழமை. ஜான் வளர்ந்து ஆக்ஸ்போர்டில் இருந்த காலத்திலும் அந்த வியாழன் மாலையை நினைவுகூர்ந்து தாய்க்குக் கடிதம் எழுதினார்.

கேள்வி: என் கணவர் விசுவாசி அல்ல. நான் ஒருத்தியே பிள்ளைகளை நடத்த முடியுமா?

முடியும். தீமோத்தேயுவின் தகப்பன் கிரேக்கன் என்று அப்போஸ்தலர் 16:1 சொல்கிறது. விசுவாசமுள்ள தாய் ஐனிக்கேயாளின் மகன்தான் பவுலின் உடன் ஊழியனானான். கணவரைப் பற்றிப் பிள்ளைகளிடம் குறைவாகப் பேசாமல் இருப்பதும் உங்கள் சாட்சியே.

கேள்வி: எங்கள் மகன் நாற்பது வயதில் விசுவாசத்தைவிட்டு விலகிவிட்டான். பிள்ளையை நடக்கவேண்டிய வழியில் நடத்தினால் முதிர்வயதிலும் அதை விடமாட்டான் என்னும் நீதிமொழிகள் 22:6-ஐ வாசிக்கும்போதெல்லாம், நாங்கள் சரியாக வளர்க்கவில்லை என்று மனம் குத்துகிறது.

அம்மா, அந்த வசனம் ஞானமொழி. பெற்றோரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தும் சட்டம் அல்ல. தீர்க்கதரிசி சாமுவேலின் குமாரர் பரிதானம் (லஞ்சம்) வாங்கினார்கள். எசேக்கியா ராஜாவின் மகன் மனாசே பொல்லாதவனாக ஆண்டான். அவன் மகன் ஆமோனும் அப்படியே. ஆனால் ஆமோனின் மகன் யோசியா தேவனைத் தேடினான். விசுவாசம் ரத்தத்தில் வரும் சொத்தாக இருந்தால் இந்த வரிசை புரியவே புரியாது.

மோனிக்காவை நினைத்துக்கொள்ளுங்கள். பின்னாளில் திருச்சபையின் பெரிய போதகரான அவர் மகன் அகுஸ்தீன், ஒளிக்கும் இருளுக்கும் நடக்கும் போரைப் போதித்த மணிக்கேய மதத்தில் இருந்தபோது, அவனோடு பேசித் திருத்தும்படி ஒரு பேராயரிடம் அவர் மன்றாடினார். பேராயரோ, இப்போது அவனை விட்டுவிடு, அவனுக்காக ஜெபம் மட்டும் செய், படித்துப் படித்து அவனே தன் பிழையைக் காண்பான் என்றார். அந்தப் பேராயரும் ஒரு காலத்தில் அதே மதத்தில் வளர்ந்தவர். அகுஸ்தீன் 387-இல் மிலானில் ஞானஸ்நானம் பெற்றபோது அவருக்கு வயது 32. அதே ஆண்டில் மோனிக்கா காலமானார். உங்கள் மகனுக்கு என்ன நடக்கும் என்று நான் வாக்குக் கொடுக்க முடியாது. ஆனால் அவன் தொலைபேசியில் அழைக்கும்போது, "ஆலயத்துக்குப் போனாயா?" என்பது உங்கள் முதல் கேள்வியாக இருக்க வேண்டாம்.

கேள்வி: பேரப்பிள்ளைகளுக்கு நாங்கள் என்ன கொடுக்கலாம்? அவர்களுடைய பெற்றோருக்கு இதில் ஆர்வம் இல்லை.

மறைவாக எதுவும் செய்யாதீர்கள். பெற்றோரிடம் சொல்லிவிட்டே செய்யுங்கள். யோர்தான் நதியைக் கடந்தபோது அதிலிருந்து எடுத்த 12 கற்களை இஸ்ரவேலர் நாட்டியது, "இந்தக் கற்கள் ஏது?" என்று பிள்ளைகள் பின்னாளில் கேட்பதற்காக. பிள்ளை கேட்ட பிறகே அங்கே கதை சொல்லப்படுகிறது. உங்கள் பழைய வேதாகமத்தைப் பெட்டியில் பூட்டாமல் மேசைமேல் வையுங்கள். அதில் நீங்கள் கோடிட்ட வசனங்களும், ஓரத்தில் எழுதிய தேதிகளும் இருக்கும். "பாட்டி, இங்கே ஏன் கோடு போட்டிருக்கு?" என்று கேட்டால், அந்த நாளில் என்ன நடந்தது என்று சொல்லுங்கள்.