பழைய இரட்டைக்குழலுக்கு எந்தத் தோட்டா?

கேள்வி: தாத்தாவின் 12 போர் (குழல் துளையின் அளவு) இரட்டைக்குழல் துப்பாக்கி என் கைக்கு வந்திருக்கிறது. இங்கிலாந்தில் செய்தது. குழலின் அடியில் ‘2½’ என்றும் ‘3 டன்’ என்றும் பொறித்திருக்கிறது. பறவை வேட்டைக்கு எடுத்துப்போக ஆசை. கடையில் ‘உதை குறைவு’ என்று அச்சிட்ட 70 மி.மீ. தோட்டாவைக் கொடுத்தார்கள். போட்டுப் பார்த்தேன், சுலபமாக உள்ளே போகிறது, துப்பாக்கியும் மூடிக்கொள்கிறது. சுடலாமா?

பதில்: வேண்டாம். கடையில் திருப்பி எடுத்துக்கொள்வார்களா என்று கேளுங்கள்.

உள்ளே போகிறதே என்பதுதான் இதில் பலரையும் ஏமாற்றுகிறது. பெட்டியில் போட்டிருக்கும் 70 மி.மீ. என்பது, சுட்டு முடிந்து தோட்டாவின் வாய் விரிந்த பிறகு உள்ள நீளம். சுடும் முன் வாய் மடிந்திருப்பதால் ஏறத்தாழ 60 மி.மீ.தான் இருக்கும். உங்கள் துப்பாக்கியின் தோட்டா அறை 2½ அங்குலம், அதாவது 65 மி.மீ. சுட்டதும் அந்த மடிப்பு விரிந்து, அறையைத் தாண்டிக் குழல் குறுகத் தொடங்கும் இடத்துக்குள் நீட்டிக்கொள்ளும். ஈயக் குண்டுகளும் அவற்றுக்குப் பின்னால் இருக்கும் அடைப்பும் அந்த நெருக்கடிக்குள் புகுந்து வெளியேற வேண்டியிருப்பதால் அழுத்தம் ஏறும்.

இரண்டாவது ஏமாற்று, அந்த ‘உதை குறைவு’. உதை உங்கள் தோளைப் பற்றியது. அழுத்தம் குழலைப் பற்றியது. இரண்டும் ஒன்றல்ல. வெளியேறும் குண்டுகளின் மொத்த எடை, அவற்றின் வேகம், துப்பாக்கியின் எடை, இந்த மூன்றும்தான் உதையைப் பெரும்பாலும் தீர்மானிக்கின்றன. மூன்று கிலோ துப்பாக்கியில் 28 கிராம் குண்டை நொடிக்கு 350 மீட்டர் வேகத்தில் அனுப்பும் தோட்டாவோடு ஒப்பிட்டால், 36 கிராமை 400 மீட்டர் வேகத்தில் அனுப்புவது தோளில் ஏறக்குறைய இரண்டு மடங்கு ஆற்றலை இறக்கும். அழுத்தத்தின் கணக்கு வேறு. வெடிமருந்து எவ்வளவு வேகமாக எரிகிறது என்பது அதில் பெரும்பங்கு வகிக்கிறது. சட்டென்று எரிந்து தீரும் மருந்தை அடைத்த 24 கிராம் பயிற்சித் தோட்டா தோளுக்குப் பஞ்சு போல இருக்கும். ஆனால் குண்டு நகர்ந்த முதல் ஓரிரு அங்குலத்திலேயே அழுத்தம் உச்சத்துக்குப் போய்விடும். நிதானமாக எரியும் மருந்து அதே வேகத்தைக் குறைந்த உச்சத்தில் தரும். பழைய குழலுக்கு வேண்டியது இந்த இரண்டாவது வகை.

அப்படியானால் 65 மி.மீ. என்று போட்ட எதை வேண்டுமானாலும் வாங்கலாமா என்றால், அதுவும் இல்லை. ஐரோப்பாவில் துப்பாக்கிச் சோதனைக்கு விதி வகுக்கும் சிஐபி அமைப்பின்படி வழக்கமான 12 போர் தோட்டாவின் சராசரி உச்ச அழுத்தம் 740 பார் (சதுர அங்குலத்துக்கு ஏறத்தாழ 10,700 பவுண்டு) வரை போகலாம். குட்டைத் தோட்டாவும் இந்த எல்லையைத் தொட்டு நிற்கலாம். அமெரிக்கத் துப்பாக்கி, தோட்டா தயாரிப்பாளர்களின் சாமி (SAAMI) அமைப்பு 2¾ அங்குல 12 போருக்கு வைத்திருக்கும் எல்லை சதுர அங்குலத்துக்கு 11,500 பவுண்டு. பழைய துப்பாக்கிகளுக்கென்றே செய்யப்படும் குறை அழுத்தத் தோட்டாக்கள் பொதுவாக 5,000 முதல் 7,500 பவுண்டுக்குள் இருக்கும். பெட்டியில் இந்த எண் இல்லையென்றால் தயாரிப்பாளரிடம் எழுதிக் கேளுங்கள். ‘மென்மையானது’, ‘பாரம்பரியமானது’ என்ற சொற்களுக்கெல்லாம் நான் காசு கொடுப்பதில்லை.

உங்கள் ‘3 டன்’ என்பது குழலைச் சோதித்துப் பார்த்து இடும் முத்திரை, பிரிட்டனின் 1954ஆம் ஆண்டுச் சோதனை விதிகளின் கீழ் வந்தது. அதன் பொருள் சதுர அங்குலத்துக்கு மூன்று டன். ஒரு டன்னுக்கு 2,240 பவுண்டு என்று பெருக்கி, 6,720க்கு மேல் போகக்கூடாது என்று சிலர் சொல்வார்கள். பயந்து குறைவாகப் போடுவதில் தப்பில்லை, ஆனால் கணக்கு சரியல்ல. அந்த டன் கணக்கு, உலோகத் துண்டு எவ்வளவு நசுங்கியது என்று பார்த்து அளந்த பழைய முறை. இன்றைய மின்னணு உணரி காட்டும் எண் அதைவிடக் கூடுதலாக இருக்கும். இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட முடியாது.

உங்களுக்கு நான் சொல்வது: 65 மி.மீ. தோட்டா, 28 கிராம் அல்லது அதற்கும் குறைவான குண்டு, பழைய துப்பாக்கிக்கு என்று தயாரிப்பாளர் அழுத்தத்தோடு குறிப்பிட்டது. துப்பாக்கியின் எடை குண்டின் எடையைப் போல 96 மடங்கு இருக்க வேண்டும் என்று பழைய கொல்லர்கள் ஒரு கணக்கு வைத்திருந்தார்கள். 28 கிராமுக்கு ஏறத்தாழ 2.7 கிலோ வருகிறது. உங்கள் துப்பாக்கியைத் தராசில் வைத்துப் பாருங்கள்.

அதற்கும் முன்னால் ஒரு வேலை இருக்கிறது. பழைய துப்பாக்கிகளை அறிந்த ஒருவரிடம் கொடுத்துக் குழலின் சுவர் தடிமனை அளக்கச் சொல்லுங்கள். முத்திரை வாங்கிய நாளுக்குப் பிறகு யாராவது உள்ளே துருவைத் தேய்த்தெடுத்திருந்தால், முத்திரை சொல்வதும் இன்று இருப்பதும் வேறு வேறு. முன்பாகத்தில் அரை மில்லிமீட்டருக்கும் குறைந்த சுவரைப் பார்த்தால் எவரும் தயங்குவார்கள். தோளில் வைக்கும் மரக்கட்டையையும் மறக்காதீர்கள். பல வருட எண்ணெய் ஊறிய மரம், பூட்டுக்குப் பின்னால் கழுத்துப் பகுதியில்தான் பிளக்கும். என் 16 போரில் மயிரிழை விரிசல் விழுந்தது அங்கேதான். இரும்புக்கு ஒன்றும் ஆகவில்லை. அங்கே கெடுத்தது அழுத்தமல்ல, உதை. ஆகவே இரண்டையும் பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

கேள்வி: அறையை 70 மி.மீ.க்கு நீட்டிவிட்டால் இந்தத் தொல்லையே இல்லை என்கிறார்களே?

பதில்: நீளத் தொல்லை தீரும், அழுத்தத் தொல்லை அப்படியே நிற்கும். அழுத்தம் அதிகமாக இருக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே உலோகத்தைச் சீவி எடுக்கிறீர்கள். மறுபடி சோதனைக்கு அனுப்பி முத்திரை வாங்காமல் அதைச் செய்வது சரியல்ல. துப்பாக்கியின் விலையும் குறையும். குட்டைத் தோட்டா கடையில் கிடைத்துக்கொண்டிருக்கும்வரை அறையைத் தொடாதீர்கள்.

கேள்வி: 28 கிராமில் பறவை விழுமா? காயப்பட்டுப் பறந்துபோனால் பாவமல்லவா?

பதில்: விழும். ஒவ்வொரு குண்டின் அடியும் அதன் பருமனையும் வேகத்தையும் பொறுத்தது; தோட்டாவில் மொத்தம் எத்தனை குண்டு என்பதைப் பொறுத்ததல்ல. 32 கிராமிலிருந்து 28க்கு இறங்கினால் எண்ணிக்கையில் எட்டில் ஒரு பங்குதான் குறைகிறது. ஈடுகட்டத் தூரத்தைக் குறையுங்கள். நீங்கள் வழக்கமாகச் சுடும் தூரத்தில் பெரிய தாளை நிறுத்திச் சுட்டு, 30 அங்குல வட்டத்துக்குள் குண்டுகள் ஓட்டையில்லாமல் பரவியிருக்கின்றனவா என்று பாருங்கள். இரண்டு குழலிலும் தனித்தனியாக. பெரும்பாலும் ஒன்று அகலமாகவும் மற்றது நெருக்கமாகவும் விழும்.

கேள்வி: நீர்ப்பறவை வேட்டைக்கு ஈயம் கூடாது என்று விதி. எஃகுக் குண்டு போடலாமா?

பதில்: பழைய துப்பாக்கியில் போடாதீர்கள். எஃகு, ஈயம் போல நசுங்கிக் கொடுக்காது. குழலின் வாய்ப்பக்கம் குறுகியிருக்கும் ‘சோக்’ நெருக்கமாக இருந்தால் அது குழலையே உந்தி வளையம் போலப் புடைக்க வைக்கும். பிஸ்மத் என்ற உலோகத்தில் செய்த குண்டு நல்லது. அதன் அடர்த்தி 9.6, ஈயத்துக்கு 11 சொச்சம், எஃகுக்கு 7.8. ஈயத்தில் போடுவதைவிட ஒரு அளவு பெரிய குண்டாக எடுங்கள். பிஸ்மத் என்று எழுதியிருப்பதாலேயே குறை அழுத்தம் ஆகிவிடாது. 3 அங்குல மேக்னம் (கூடுதல் வலுவான) பிஸ்மத்தும் விற்கிறார்கள். விலை ஈயத்தைப் போல சில மடங்கு.

கேள்வி: துப்பாக்கியோடு ஒரு பை நிறையப் பழைய தோட்டாக்களும் வந்தன. சில மஞ்சள் நிறம், கொஞ்சம் ஒல்லி. பயன்படுத்தலாமா?

பதில்: அந்த மஞ்சள் தோட்டாக்களை இன்றே தனியாக எடுத்து வையுங்கள். அவை 20 போராக இருக்கலாம். 20 போருக்கு மஞ்சள் நிறம் வைத்ததே இந்த ஆபத்துக்காகத்தான். 12 போர் அறையில் விழுந்தால் அது வழுக்கி முன்னே போய்க் குழலில் சிக்கிக்கொள்ளும். அறை காலி என்று நினைத்துப் பின்னால் 12 போர் தோட்டாவைப் போட்டுச் சுட்டால் குழல் வெடிக்கும். மற்றவற்றையும் சுட வேண்டாம். மொத்தப் பையையும் உரிமம் பெற்ற விற்பனையாளரிடம் ஒப்படைத்து அழிக்கச் சொல்லுங்கள்.